ஆய்வேடு உருவாகும் நெறி: கிளாட் ஷானனின் ஏடுகள் இரண்டும் அவர் மேற்பார்த்த ஏடு ஒன்றும்

இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாகத் தோன்றும் என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. அறிவுத்துறைகளின் வரலாற்றிலும் இதனை ஒத்த ஒரு முறையைக் காண்கின்றோம். ஒரு துறைக்குப் பெயரும், ஆசிரியர் இருக்கையும், பட்டமும் வகுக்கப்பெறுமுன்னரே அத்துறைக்கு அடித்தளமாகும் ஆய்வேடு எழுதப்பெற்றுவிடுதல் உண்டு. இன்று கணினியியல் என வழங்கும் துறை இதற்குத் தக்க சான்றாகும். அமெரிக்க நாட்டில் அத்துறை தனித்துறையாக முதலில் நிறுவப்பெற்றது 1962ஆம் ஆண்டில், பர்டியூ பல்கலைக்கழகத்தில். அத்துறையின் பெயரால் முனைவர் பட்டம் அந்நாட்டில் முதன்முதல் வழங்கப்பெற்ற நாள் 1965 ஜூன் 7. அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேரி கென்னத் கெல்லர் என்னும் துறவுச் சகோதரியாரும், செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இர்விங் டாங் என்பாரும் ஒரே நாளில் அப்பட்டத்தைப் பெற்றனர். ஆயின், இத்துறையார் அனைவரும் தம் முதனூல்களுள் ஒன்றாகப் போற்றும் ஆய்வேடு இதற்கு இருபத்தெட்டு ஆண்டுகட்கு முன்னர், 1937 ஆகஸ்டு மாதத்தில், மின்பொறியியற் பிரிவில் முதுநிலைப் பட்டத்திற்காக அளிக்கப்பெற்றதாகும்.

அவ்வேட்டை எழுதியவர் கிளாட் ஷானன். எழுதியபொழுது அவர்க்கு அகவை இருபத்தொன்று. மூன்றாண்டுகட்குப் பின்னர் அவரே முனைவர் பட்டத்திற்காக வேறோர் ஏடு எழுதினார். முன்னது உலகறிந்தது, பின்னது அரை நூற்றாண்டுக்காலம் அச்சேறாது கிடந்தது. ஒருவரே, ஒரே கழகத்தில், ஒரே மேற்பார்வையாளரின்கீழ், ஏறத்தாழ ஒரே கணித முறையைக் கைக்கொண்டு எழுதிய ஏடுகள் இரண்டின் ஊழ் இங்ஙனம் வேறுபட்டமைக்குக் காரணம் யாது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். தமிழாய்வு இதழில் இதற்கு இடம் எற்றுக்கு என வினவுவார் இருக்கலாம். ஆய்வேடு என்னும் எழுத்துவகை நமக்கும் அவர்க்கும் பொதுவானது. அது எங்ஙனம் கருக்கொள்கின்றது என்பதைப் பற்றி நம்முள் எழுதப்பெற்றவை மிகச் சில. வழிகாட்டி நூல்களோ அட்டை எழுதும் முறையையும் அடிக்குறிப்பிடும் முறையையும் கூறி அமைவன.

ஷானன் 1916இல் மிச்சிகன் மாநிலத்திற் பிறந்தவர். அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், கணிதம் ஆகிய இரண்டிலும் இளநிலைப் பட்டங்களை 1936இல் ஒருங்கே பெற்றார். அங்கே மெய்யியல் வகுப்பொன்றில் குறியீட்டு அளவையியலையும் பயின்றார். ஆங்கில நாட்டுக் கணிதர் ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலால் நிலைபெற்றது அவ்வளவையியற் கணிதம். உண்மை, பொய் என்னும் இருமையை ஒன்று, சுழி என்னும் எண்களாற் குறித்து, வாக்கியங்களைக் கூட்டியும் பெருக்கியும் ஆராய்வது அது. அக்காலத்தில் அதனைப் பயின்ற பொறியியல் மாணவர் அரியர். பயின்றவரும் அதனாற் பயனுண்டு எனக் கருதினாரல்லர்.

பட்டம் பெற்ற அவ்வாண்டே, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெற்றிருந்த ஓர் அழைப்பைக் கண்டு விண்ணப்பித்து, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். வானிவர் புஷ் என்னும் பேரறிஞர் 1931இல் உருவாக்கி முடித்த பெரும்பொறி ஒன்றை இயக்கி உதவுதலே அவர் பணி. வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தண்டுகளும் பற்சக்கரங்களும் சுழல்வட்டுகளும் கொண்டு தீர்க்கும் பொறி அது. ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் சமன்பாட்டைக் கொண்டுவரின், அதற்கேற்பப் பொறியின் உறுப்புகளை மாற்றி இணைத்துத் தருவது உதவியாளரின் கடமை. இப்பொறியொடு பொருந்தியதோர் ஆட்சிச் சுற்றும் உண்டு. அதன்கண் நூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. மின்காந்தம் ஈர்க்குங்கால் ஓர் இணைப்பைத் திறக்கவோ மூடவோ செய்யும் சிறு கருவியே ரிலே எனப்படும். தொலைபேசி நிலையங்களில் அன்று பல்லாயிரமாக நிறைந்திருந்த கருவியும் அதுவே.

இச்சுற்றினை ஓம்பும் பணியிலிருந்தே அவ்வேடு பிறந்தது என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ரிலேச் சுற்றுகளை அமைப்பதற்கு அக்காலத்தில் பரவலாக வழங்கிய முறைநூல் இல்லை. கைதேர்ந்த பொறியாளர் படம் வரைவர், அழிப்பர், மீண்டும் வரைவர். பட்டறிவால் ஒன்று அமையும். ஒரே பணிக்கு ஒருவர் பத்து இணைப்புகளையும் மற்றொருவர் பதினைந்தையும் பயன்படுத்துவராயின், இதனினும் குறைந்த தொகையில் அமைக்கலாகுமோ என்பதை உறுதியாகக் கூறும் வழியை இருவரும் அறியார். இவ்விடர்ப்பாட்டினுள் நாள்தோறும் உழன்ற இளைஞர் ஒருவர், முன்னர் மெய்யியல் வகுப்பிற் கற்ற பூலின் கணிதத்தையும் உடன் அறிந்திருந்தார். 1937ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கு நகரத்துப் பெல் ஆய்வகத்திற் பணியாற்றும் வாய்ப்பும் வந்தது. தொலைபேசிச் சுற்றுகளின் பெருக்கத்தை அங்கே நேரிற் கண்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஏடு நிறைவெய்தியது. இவ்விரு துறைகளையும் ஒருங்கறிந்தவர் வேறொருவரும் அன்று இல்லாதிருந்தமையே தம் வெற்றிக்குக் காரணம் என்னும் கருத்துப்படப் பிற்காலத்து நேர்காணலொன்றில் அவர் கூறியுள்ளார். அது தன்னடக்கம் மட்டுமன்று. வரலாற்றுண்மையும் பெரும்பாலும் அதுவே எனக் கருதுகின்றேன்.

ஏடு ஏறத்தாழ எழுபது பக்கங்களினது. தலைப்பை ‘ரிலேச் சுற்றுகள், சாவிச் சுற்றுகள் ஆகியவற்றின் குறியீட்டுப் பகுப்பாய்வு’ எனப் பெயர்க்கலாம். கணிதத்துறைப் பேராசிரியர் ஃபிராங்க் ஹிட்ச்காக் மேற்பார்த்தார். இதன் உள்ளடக்கத்தைப் பற்றி இன்று எழுதுவோர் பலர் மூலத்தைக் காணாதே எழுதுகின்றனர் என்பதற்கு ஒரு சான்று காட்டுவேன். மின்னோட்டம் செல்லும் நிலை 1, செல்லாத நிலை 0; தொடர் இணைப்பு பெருக்கல், பக்க இணைப்பு கூட்டல் என்பது இன்றைய பாடநூல் வழக்கு. ஷானன் ஏட்டிலோ அனைத்தும் தலைமாறிக் கிடக்கின்றன. அவர் அளப்பது ஓட்டத்தை அன்று, தடையை. தடை இல்லாத மூடிய சுற்று 0. தடையுடைய திறந்த சுற்று 1. தொடராக அமைந்த இரண்டன் தடை கூட்டலாகவும், பக்கமாக அமைந்த இரண்டன் தடை பெருக்கலாகவும் கூறப்படும். பூலின் கணிதம் இருமுகமுடையதாகலின் எம்முறையைக் கொள்ளினும் முடிபு வழுவாது. எனினும், மூல ஏட்டின் பாடம் ஒன்று, வழங்கும் பாடம் மற்றொன்று என்பதைப் பதிப்பாராய்ச்சி பயின்ற நம்மனோர் புறக்கணித்தல் தகாது.

அவர் முறையின் ஆற்றலை எளிய எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். ஒரு வழியில் முதற்கண் ‘அ’ என்னும் காவல் உளதாகக் கொள்வோம். அதனைக் கடந்தபின் வழி இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளையில் அதே ‘அ’ என்னும் காவலன். மற்றொன்றில் ‘ஆ’ என்னும் வேறொருவன். முதற்காவலில் ‘அ’ விடுத்தானாயின் கிளையிலும் அவனே விடுப்பான். அவன் தடுத்தானாயின் கிளைவரை செல்லுதலே இல்லை. எனவே ‘ஆ’ என்பான் அங்கு நிற்பது வீண். கிளைகள் இரண்டும் வீண். முதற்காவல் ஒன்றே சாலும். இதனை ஷானன் முறையில் எழுதின், அ + அஆ = அ என்னும் ஒரு வரியாகும். காவலர் இருவராயின் மனத்தாலேயே இதனைக் காணலாம். நூற்றுவர் ஆயின்? படத்தை நோக்கித் திகைப்பதற்கு மாறாகச் சமன்பாட்டைச் சுருக்கிப் பின்னர் அதனையே மீண்டும் படமாக்கிக்கொள்ளலாம் என்று காட்டியதே அவ்வேட்டின் பெரும்பயன். கருத்தளவில் நில்லாது, எண்களின் குறிப்பிட்ட சேர்க்கைக்கு மட்டும் திறக்கும் மின்பூட்டு, இருமை எண்களைக் கூட்டும் சுற்று முதலியவற்றை வடிவமைத்தும் காட்டினார். ரிலேக்கள் கணக்கிடவும் வல்லன என்பது அதனாற் போதரும். பிற்காலத்துக் கணிப்பொறிகள் ரிலேயை விட்டு வெற்றிடக் குழாய்க்கும் திரிதடையத்திற்கும் மாறியபொழுதும் இம்முறை மாறவேண்டியதாயிற்றில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதுநிலை ஆய்வேடுகளுள் இதுவே தலைசிறந்ததாகலாம் என ஹோவர்டு கார்ட்னர் என்னும் உளவியலறிஞர் பாராட்டினர். 1938இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் இதழில் இது கட்டுரையாக வெளிவந்து, ஆல்ஃபிரட் நோபிள் பரிசையும் பெற்றது. (இது அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் பெயரால் அமைந்தது, சுவீடன் நாட்டு நோபெல் பரிசொடு இதனை மயக்கி எழுதுவாரும் உளர்.)

ஆயின், பாராட்டுரைகள் ஒன்றை மறைக்கின்றன. இக்கருத்து ஷானன் ஒருவர்க்கே உதித்ததன்று. அமெரிக்க மெய்யியலார் சார்ல்ஸ் பியர்ஸ் 1886இல் எழுதிய மடலொன்றிலேயே அளவையியற் செயல்களை மின்சாவிகளால் நிகழ்த்தலாம் என்பதைக் குறித்துள்ளார். 1910இல் இயற்பியலறிஞர் பால் எஹ்ரன்ஃபெஸ்ட் ஒரு நூல் மதிப்புரையில் இதனைத் தொட்டுக்காட்டினார். ஜப்பானில் நிப்பான் மின்நிறுவனத்தைச் சார்ந்த அகிரா நகாஷிமா 1935 முதல் ரிலேச் சுற்றுகளுக்கு ஒரு கணிதத்தைத் தாமே வகுத்து வெளியிட்டு வந்தார். அது பூலின் கணிதமே என்பதைப் பின்னரே கண்டுகொண்டார். மாஸ்கோவில் விக்டர் ஷெஸ்டகோவ் 1935இலேயே இக்கருத்தை எட்டி அதனையே தம் ஆய்வேட்டுப் பொருளாகவும் கொண்டார். அது அச்சிற் கட்டுரையாக வந்ததோ 1941இல். ஆகவே, முற்றும் புதியதோர் உண்மையைத் தனியொருவர் திடீரெனக் கண்டார் என்னும் கதை நிற்பதன்று. இம்மூவரும் சுற்றுகளின் சிக்கலை எதிர்ப்பட்டவர், காலமும் ஒன்றே. ஷானனுக்குச் சிறப்பாக வாய்த்தவை இரண்டு எனலாம். பூலின் கணிதத்தை அவர் மீண்டும் படைக்கவேண்டியதில்லை, கற்றிருந்தார். எழுதியதை ஓராண்டிற்குள் அதற்குரிய பொறியாளர் கைகளிற் சேர்த்தார். இவற்றுள் பின்னதன் அருமை அவரது இரண்டாம் ஏட்டை நோக்கும்பொழுதே புலனாகும்.

முதல் ஏட்டின் வெற்றியைக் கண்ட புஷ், ஷானனைக் கணிதத்துறையில் முனைவர் பட்டத்திற்குப் பயிலுமாறு ஊக்கினார். 1939இல் புஷ் வாஷிங்டன் நகரத்துக் கார்னகி நிறுவனத்தின் தலைவரானார். அந்நிறுவனத்தின் ஆதரவில், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னுமிடத்தில், மாந்தரின் மரபுவழிப் பதிவுகள் ஏராளமாகத் தொகுக்கப்பெற்றிருந்த அலுவலகம் ஒன்று இயங்கியது. ‘உயர்குலம்’ ஆக்குதல் என்னும் பெயரால் மாந்தரைத் தரம்பிரிக்க முனைந்து இழிபெயர் பூண்ட அலுவலகம் அது. அவ்வாண்டின் இறுதியிலேயே மூடப்பெற்றது. சுற்றுகளுக்கு ஒரு குறியீட்டுக் கணிதம் வகுத்தவர் மரபியலுக்கும் ஒன்று வகுக்கலாமன்றோ எனப் புஷ் கருதினார். அங்கிருந்த பார்பரா பர்க்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரிடம் ஷானன் 1939ஆம் ஆண்டுக் கோடையிற் சென்று பயின்றார். மரபியலின் கலைச்சொற்களையே அவர் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. எனினும், ஓராண்டு நிரம்புமுன்னரே, 1940 ஏப்ரலில், ‘கோட்பாட்டு மரபியலுக்கு ஓர் இயற்கணிதம்’ என்னும் ஆய்வேட்டை அளித்துவிட்டார். முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் அவ்வாண்டே அவர்க்கு ஒருசேர வழங்கப்பெற்றன.

இவ்வேடு குறைபாடுடையது எனக் கொள்ளற்க. மரபுக்கூறுகள் பல ஒருங்கே தலைமுறைதோறும் கலந்து பரவும் முறைக்குப் பொதுச் சூத்திரங்களை அது தந்தது. அவற்றுட் சில அன்றைய மரபியலார் அறியாதவை. ஜேம்ஸ் குரோ என்னும் மரபியலறிஞர் 2001இல் எழுதிய கட்டுரையில் இவ்வேட்டை மதிப்பிட்டு, இதன் முடிபுகளை மற்றையோர் பின்னர்த் தாமே கண்டறிய நேர்ந்ததையும் எடுத்துக்காட்டியுள்ளார். அஃதாவது, ஒருமுறை நன்கு செய்துமுடிக்கப்பெற்ற பணி மீண்டும் முதலிலிருந்து செய்யப்பெற்றது. ஏன்? ஷானன் அதனை வெளியிடவில்லை. வெளியிடும் முயற்சியில் தாம் மடிகொண்டதாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். புஷ்ஷுங்கூட, வெளியிடுக எனத் தூண்டினாரேனும், அத்துறையில் இம்முறையை எடுத்தாள வல்லார் சிலரே என ஐயுற்றார். மரபியலார்க்கு அக்குறியீடு அயலது. ஷானனுக்கோ மரபியல் அயலது. பட்டம் பெற்றபின் அவர் அத்துறைப்பக்கம் திரும்பவேயில்லை. தொலைத்தொடர்பின் அடிப்படைச் சிக்கல்களில் அவருள்ளம் ஏற்கெனவே சென்றுவிட்டது. அதன் விளைவாகிய செய்தியியற் கோட்பாடு 1948இல் வெளிவந்தது.

இரண்டு ஏடுகளையும் ஒப்பவைத்து நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு தெளிவாகும். முதலாவதில் வினா முந்தியது, முறை பிந்தியது. சுற்றினை அமைக்க இயலாது இடர்ப்பட்டவர் அதனைத் தீர்க்கும் கருவியைத் தம் கல்வியினுள் தேடிக் கண்டார். இரண்டாவதில் முறை முந்தியது. அதற்கேற்ற பொருளை மேற்பார்த்தோர் தேடித் தந்தனர். கையில் உள்ள உளிக்கு ஒரு மரம் வேண்டிற்று, மரம் கிடைத்தது, சிற்பமும் அமைந்தது, வைக்க மட்டும் கோயில் இல்லை. வினாவொடு உடன்வாழ்ந்தவன் விடையை வெளியிடாது இரான் என்பதே என் துணிபு; அவ்விடையை எதிர்நோக்கியிருப்பார் யாவர் என்பதை அவன் நன்கறிவானாகலின். இதனை யான் நூல்களிலிருந்து மட்டும் கூறவில்லை. முனைவர் பட்டத்திற்கு யான் ஆராய்ந்த காலத்தில் முதலாண்டு முழுதும் அட்டைகளிற் குறிப்புகளைத் தொகுத்தேன். அணி ஆராய்ச்சி முறையொன்றைக் கற்றிருந்தமையால், அதனை எந்நூலிற் செலுத்தலாம் என்பதே அன்றைய என் கவலையாக இருந்தது. அவ்வட்டைகள் இன்றும் ஒரு பெட்டியில் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் என் ஏட்டில் இடம்பெறவில்லை.

கருவி இருந்த இடத்திலேயே ஏடு பிறந்தது என்னும் உண்மை ஷானனொடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைந்த எட்சாக் என்னும் கணிப்பொறி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியது. அதற்கு நிரல் எழுதும் பணியில் உழன்ற டேவிட் வீலர், 1951இல் அப்பொறியிற் கணித்தலைப் பற்றியே முனைவர் ஏடு அளித்தார். கணினியியலில் உலகின் முதன் முனைவர் ஏடு அதுவே எனக் கொள்வார் பலர். ஒருமுறை எழுதிய நிரற்பகுதியை வேண்டுமிடமெல்லாம் அழைத்துப் பயன்கொள்ளும் உத்தி, அவரும் அவருடன் பணியாற்றினாரும் எய்திய பெரும்பேறு. அதுவும் நாடோறும் நேர்ந்த இடுக்கணுக்குக் கண்ட தீர்வே.

இனி, மேற்பார்வையாளர் நிலையில் ஷானனைக் காண்போம். 1950களின் பிற்பகுதியில் அவர் தாம் பயின்ற கழகத்திற்கே பேராசிரியராக மீண்டார். அவரிடம் பயின்று 1963 ஜனவரியில் முனைவர் ஏடு அளித்தவர் ஐவன் சதர்லாண்டு. ஏட்டின் பெயர் ‘ஸ்கெட்ச்பேட்’. லிங்கன் ஆய்வகத்தில் டி எக்ஸ்-2 என்னும் கணிப்பொறி இருந்தது. ஏனைய பெரும்பொறிகளில் துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க, இதனெதிரே ஒருவர் தனித்தமர்ந்து நேரே இயக்கலாம். அப்பொறியொடு அமரும் வாய்ப்பு வாய்த்தமையால், திரையின்மேல் ஒளிக்கோலால் வரையலாகுமோ என்னும் வினா சதர்லாண்டுக்கு எழுந்தது. வரையலாகும் என்பதோடு அவர் அமையவில்லை. இக்கோடுகள் இரண்டும் இணையாக இருக்க எனப் பணித்தால், பொறியே அவற்றைத் திருத்தி இணையாக்கும். ஒரு மூலவுருவை வரைந்து அதன் படிகளைப் பல இடத்தும் வைத்தபின் மூலவுருவைத் திருத்தினால் படிகளெல்லாம் உடன் திருந்தும். இன்றைய வரைபட நிரல்கள் அனைத்தும் இவ்வேட்டின் வழித்தோன்றல்கள் எனில் மிகையாகாது. 1988இல் இவர்க்குத் தூரிங் விருது வழங்கப்பெற்றது. ஏடும் 2003இல் கேம்பிரிட்ஜில் புதிய முன்னுரையொடு மின்பதிப்பாக வெளிவந்தது.

ஆய்வு மாணவர்க்கு யான் இவ்வேட்டைக் காட்டுவது வேறொரு காரணம்பற்றி. தன் உருவாக்கத்தின் வரலாற்றையே ஓர் இயலாகக் கொண்ட ஏடு இது. 1961இல் அமைத்த முதல் வடிவம் யாது, அது எங்கே தடைப்பட்டது, இரண்டாம் வடிவத்தில் எதனை அடியோடு மாற்றவேண்டியதாயிற்று என்பன அதன்கண் கூறப்படுகின்றன. நம் ஏடுகளோ முடிந்த முடிபுகளை மட்டும் கூறி, வழுக்கிய இடங்களை மறைப்பன. தேர்வாளர்க்கு அஞ்சும் அச்சமே இதற்குக் காரணம்போலும். சதர்லாண்டு தேர்வாளர்க்கு அஞ்சியதாகத் தோன்றவில்லை. எடுத்துக்காட்டுகளைத் தொகுத்துரைக்கும் இறுதிப்பகுதியில், பாரந்தாங்கும் பாலத்தின் உறுப்புகளில் விசை பரவுதலைத் தம் நிரல் காட்டியதைப் பெருமையொடு விளக்குகின்றார். அடுத்து, மின்சுற்றுப் படங்களை வரையப் புகுந்தபொழுது தம் நிரலாற் பெரும்பயன் விளையவில்லை எனத் தயக்கமின்றி ஒப்புகின்றார். படம் படமாகவே நிற்குமாயின் அதற்குக் கணிப்பொறி வேண்டா, தாளும் எழுதுகோலும் போதும். அப்படத்திலிருந்து சுற்றின் செயலைப் பொறி கணித்துத் தருமாயின் அன்றோ அதனை அங்கு வரைவதாற் பயன் என்பது அவர் கூற்றின் பொருள். அவ்வரிகளைப் படித்து ஏற்புக் கையொப்பம் இட்டவர், இருபத்தாறு ஆண்டுகட்கு முன் அதே கழகத்தில் மின்சுற்றுப் படம் ஒன்றைச் சமன்பாடாக மாற்றிக் காட்டிய மாணவர்.